குடிக்கூலி

என் தகப்பனார் எங்கள் திருவல்லிக்கேணி வீட்டுக் கணக்கை எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்கள் பதினொன்று இன்றும் என்னிடம் இருக்கின்றன. மாதத்துக்கு இரண்டு பக்கம். இடப்பக்கத்தின் தலைப்பில் ‘குடிக்கூலி வரவு’ என்றும், வலப்பக்கத்தின் தலைப்பில் ‘வீட்டுக்குச் செய்தது’ என்றும் தம் கைப்பட எழுதியிருப்பார். இடப்பக்கத்தில் இரண்டு அல்லது மூன்று வரிகளுக்கு மேல் ஒரு மாதமும் இராது; வலப்பக்கமோ, கிணற்றில் தூர் வாரியது, ராட்டினத்துக்குப் புதுக் கயிறு, பின்கட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள், மாடித் தளத்துக்கு அரைத்த சுண்ணாம்பு, கொத்தனார் கூலி, சித்தாள் கூலி என்று பல மாதங்களில் விளிம்பு வரை நிரம்பியிருக்கும். அவற்றை நெடுநாள் வெறும் பழங்காகிதமாகவே பாவித்து வந்தேன். நானும் ஒரு வீட்டுக்காரனாகி, மூன்று குடித்தனங்களுக்கு வீடு விட்டு, வாங்க வேண்டியதை வாங்கவும் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடவும் நன்றாகப் பழகிக்கொண்ட பிறகே, அந்த இரு பக்கங்களுக்கும் இடையில் ஒரு தர்ம விசாரம் நடந்துகொண்டிருப்பது என் கண்ணில் பட்டது.

குடிக்கூலி என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். நாற்று நட்டவளுக்குக் கொடுப்பது கூலி. மூட்டை சுமந்தவனுக்குக் கொடுப்பது கூலி. சுவர் எழுப்பியவனுக்குக் கொடுப்பதும் கூலி. ஒரு வீட்டில் குடியிருப்பவன் அந்த வீட்டுக்கு உடையவனிடம் மாதந்தோறும் கொண்டுவந்து கொடுப்பதை நம் முன்னோர் வரி என்று சொல்லவில்லை, காணிக்கை என்று சொல்லவில்லை, வட்டி என்றும் சொல்லவில்லை. கூலி என்றே சொன்னார்கள். வண்டிக்கூலி, படகுக்கூலி என்பவற்றைப்போல் ஒரு பொருளை அனுபவிப்பதற்கான கட்டணத்தையே அச்சொல் குறிக்கிறது என்று சொல்லாராய்ச்சியில் வல்லவர் கூறலாம், அது உண்மையே. ஆயினும் வண்டிக்கூலியும் வண்டி ஓடினால்தான் உண்டு. படகுக்கூலியும் துடுப்புப் போட்டால்தான் உண்டு. அப்படியானால் வீடு கொடுத்தவன் எந்த வேலையைச் செய்து இந்தக் கூலியைப் பெறுகிறான் என்னும் கேள்வி எழாமல் போகாது. ஒரு வீட்டுக்காரனுடைய தர்மம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்கு அவன் சொல்லும் விடையில் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

இதற்கு முன்னதான ஒரு கேள்வியும் உண்டு. பூமியின் ஒரு துண்டைத் தன்னுடையதென்று வேலியிட்டு, அதில் தலைசாய்க்க வந்தவனிடம் பணம் வாங்குவதே அதர்மமன்றோ என்று கேட்பவர் எல்லாச் சமயங்களிலும் இருந்திருக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று வழங்கும் தொகுதியில், லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரம், நிலம் ஆண்டவனுடையது, மனிதர் அவனிடம் தங்க வந்த அந்நியரே, ஆகையால் அதை அறுதியாக விற்றுவிடும் பாத்தியதை ஒருவருக்கும் இல்லை என்கிறது. நம் ஈசாவாஸ்ய உபநிஷத்தின் முதல் மந்திரமும் அசைவன யாவற்றிலும் ஈசனே உறைகிறான் என்று தொடங்கி, துறந்து அனுபவி, பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே என்று முடிகிறது. 1936-ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் கோயில்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டதை அடுத்து, 1937 ஜனவரியில் அங்கே யாத்திரை செய்த காந்தியடிகள், மற்ற சாஸ்திரங்களெல்லாம் சாம்பலாகி இந்த ஒரு மந்திரம் மட்டும் ஜனங்களின் நினைவில் எஞ்சினாலும் ஹிந்து தர்மம் என்றும் வாழும் என்னும் கருத்தைக் கூட்டந்தோறும் எடுத்துரைத்தார். சொத்துள்ளவன் அதன் தர்மகர்த்தா மட்டுமே என்னும் அவருடைய கொள்கைக்கு இந்த மந்திரமே பெரும் ஆதாரம். தர்மகர்த்தா பட்டினி கிடக்க வேண்டுமென்று எவரும் விதிக்கவில்லை. கோயில் நிர்வாகத்தில் உழைப்பவனுக்கு ஜீவனாம்சம் உண்டு. ஆனால் மூலஸ்தானத்து விளக்கு எரிந்த பிறகே அவன் வீட்டு அடுப்பு எரியலாம். வாடகை வாங்குவது பாவமன்று. செய்யாத வேலைக்குக் கூலி வாங்குவதே பாவம்.

அந்த வேலையின் முதற்பகுதி, கண்ணுக்குத் தெரிகிற சுவரையும் கூரையையும் பற்றியது. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதர்களின் மிஷ்னா என்னும் தர்ம நூலில், பாபா மெட்ஸியா என்ற பிரிவு, வாடகை வீட்டுக்குக் கதவும், தாழும், பூட்டும், இன்னும் தொழில் தெரிந்தவன் கைபட்டாலன்றி ஆகாத எல்லாமும் வீட்டுக்காரன் பொறுப்பு என்றும், எவரும் தம் கையால் செய்துகொள்ளக் கூடியது குடியிருப்பவன் பொறுப்பு என்றும் பகுத்துச் சொல்கிறது. எவ்வளவு தெளிவான பகுப்பு! குழாயின் வாசரைக் குடித்தனக்காரர் மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள் கசியும் குழாயை வீட்டுக்காரன்தான் உடைத்துப் பார்க்க வேண்டும். ஐப்பசி மழை கொட்டத் தொடங்கிய பிறகு மாடியில் ஏறி ஓதம் எங்கே இறங்குகிறது என்று தேடுபவன் கூலிக்கு உரியவனல்லன். ஆவணி முடிவதற்குள் தட்டோடுகளின் சந்துகளைப் பூசி, மழைநீர்க் குழாயில் அடைத்த இலைச்சருகை வாரி, சம்ப்பையும் மேல்தொட்டியையும் கழுவி வைப்பவனே உரியவன். இவையெல்லாம் சில்லறை வேலைகள் என்று சொல்வாருண்டு. ஒழுகும் கூரையின் கீழ் இரவு முழுவதும் பாத்திரம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு அது சில்லறை வேலையன்று.

இரண்டாம் பகுதி, செய்யாமல் இருப்பதாகிய வேலை. சாவியைக் கொடுத்த பிறகு விலகி நிற்பது சுவரைப் பராமரிப்பதைக் காட்டிலும் கடினம். வாடகைக்கு வந்த வீட்டிலும் நம் பெண்கள் முதல் காரியமாக நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுகிறார்கள். அந்தப் பால் பொங்கிய கணத்தில் அந்த இடம் மற்றொரு குடும்பத்தின் இல்லமாகிவிடுகிறது. அதற்குமேல் நாம் அங்கே விருந்தாளிகள். விருந்தினர் இரவு பத்து மணிக்கு எத்தனை பேர் வந்தார்கள், மோட்டார் எத்தனை முறை ஓடியது, சுவரில் எத்தனை ஆணி அடித்தார்கள் என்று மாடிப்படியில் நின்று கண்காணிப்பவன், கொடுத்ததைக் கொடுத்த கையாலேயே திரும்பப் பிடுங்குகிறான். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 1960-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை அகற்றிவிட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அது, உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும், வீட்டுக்குள் வருவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும், தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தித் தொல்லை கொடுக்கலாகாது என்கிறது. சட்டம் சொல்லித்தான் இவற்றை நாம் அறிய வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வருத்தமுண்டு. பழந்தமிழர் பிறன்மனை நோக்காமையைப் பேராண்மை என்று போற்றினார்கள். பிறன் மனைக்குள் எட்டிப் பாராமையும் அந்த ஆண்மையின் ஒரு கூறே ஆகும்.

மின்சாரக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைத்து வருகிறது. அப்படியிருக்க, மூன்று குடித்தனத்துக்கும் உள்மீட்டர் வைத்து, வாரியத்துக்குத் தான் கட்டுவதைவிட யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் அதிகம் என்று வசூலிக்கும் வீட்டுக்காரர், தராசில் கல்லை மாற்றி வைக்கும் வியாபாரியிலிருந்து எந்த விதத்தில் வேறுபட்டவர்? வாடகை போதாதென்றால் வாடகையை வெளிப்படையாக உயர்த்திக் கேட்பது நேர்மை. மீட்டரின் மறைவில் எடுப்பது நேர்மையன்று.

இவ்வாறெல்லாம் நடந்தால் வீட்டுக்காரன் ஓட்டாண்டியாக வேண்டியதுதான் என்று கூறுவோருக்கு, லண்டனில் வாழ்ந்த ஆக்டேவியா ஹில் என்னும் பெண்மணியை நினைவூட்டுகிறேன். 1865-ஆம் ஆண்டில், எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கொடுத்த முதலைக்கொண்டு, மேரில்போன் பகுதியில் இடிந்தும் நாறியும் கிடந்த ஏழைகளின் குடியிருப்புகள் சிலவற்றை அவர் பொறுப்பேற்றார். முதலுக்கு நூற்றுக்கு 5 வீதம் வருமானம் வந்தாக வேண்டும் என்பது ஏற்பாடு, வந்தது. வாரந்தோறும் தாமே வீடு வீடாகச் சென்று வாடகை வாங்கினார். பாக்கி வைப்பதை அவர் பொறுக்கவில்லை. ஆனால் மிஞ்சிய பணத்தைக் குடியிருப்போர் விருப்பப்படியே பழுதுபார்ப்பதற்குச் செலவிட்டார். ஜன்னலைச் செப்பனிட்டார், சாக்கடையைச் சீராக்கினார், ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் சொல்லி அறிந்திருந்தார். ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தி உடைய அவர் இதைத் தானமாகக் கருதவில்லை. தானம் பெறுபவனின் தலை குனிகிறது. தன் கூலியைக் கொடுத்துத் தன் உரிமையைப் பெறுபவனின் தலை நிமிர்கிறது. ஆகையால் வாடகையைக் கண்டிப்பாக வாங்குவது தர்மத்துக்கு விரோதமில்லை. கண்டிப்பு இரு பக்கத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவே.

நம் நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு வீட்டுக்காரரும் இருந்தார். 1908 முதல் பத்தாண்டுகள் புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியாருக்கு வீடு விட்டிருந்த, விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்ற பட்டப்பெயரால் வழங்கப்படும் பெரியவர், வாடகை கேட்க வந்து, உட்கார்ந்து, பாட்டைக் கேட்டுவிட்டு, வந்த காரியத்தை வாய்விட்டுச் சொல்லாமலே திரும்பிப் போவாராம். பிரிட்டிஷ் உளவாளிகள் தெருவில் வட்டமிட்ட அந்நாளில் அந்த வீட்டின் சுவர்களுக்குள் பிறந்தவை எத்தகைய பாடல்கள் என்பதை நாம் அறிவோம். எல்லா வீட்டுக்காரரும் அவரைப்போல் வாடகையை விட்டுவிட வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. அது சக்தியுள்ளவர் செய்யும் உபகாரம். வாடகை கொடுப்பவனுக்குள் ஒரு மனிதனைப் பார்த்தாரே, அந்தப் பார்வை மட்டும் எல்லோருக்கும் கடமை.

இந்தப் பார்வை எங்கே தவறுகிறது என்பதையும் கூசாமல் எழுத வேண்டும். வீடு பார்க்க வருபவரிடம் முதலில் பெயர் கேட்கிறோம், பிறகு ஊர், பிறகு, “சாப்பாடு எப்படி, சைவந்தானே?” என்கிறோம், அதுவும் போதாதபோது, “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டே விடுகிறோம். சமையலறையைப் பற்றிக் கேட்பதாகப் பாவனை செய்து ஜாதியையும் மதத்தையும் கேட்கிறோம். என் ஆசாரத்தைக் காத்துக்கொள்ள எனக்குப் பாத்தியதை இல்லையா என்று மனப்பூர்வமாகக் கேட்கும் நல்லவர்களை நான் அறிவேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். புலால் மறுத்தலில் வள்ளலாரினும் உறுதியானவர் எவர்? அந்த வள்ளலாரே, பசி தவிர்க்கும் விஷயத்தில் மட்டும் புலால் உண்பவரையும் விலக்கலாகாதென்று விதித்தார். 1867-இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையில் பசித்தவன் என்பது ஒன்றே தகுதி. பசிக்கு அடுத்தபடி உயிரை வாட்டுவது ஒதுங்க இடமின்மை. ஆசாரம் என்பது என் உலையை நான் ஆள்வதற்கு ஏற்பட்டது. அடுத்தவன் உலையில் என்ன கொதிக்கிறதென்று மூடியைத் திறந்து பார்ப்பதற்கு ஏற்பட்டதன்று. முறையாக வாடகை தருவாரா, அண்டை அயலாரோடு அனுசரித்துப் போவாரா என்று விசாரிப்பது நியாயம். பிறப்பை விசாரிப்பது நடுவுநிலைமைக்குப் பழுது.

அடுத்தது, அனுப்பும் விதம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், போகச் சொல்லியும் போகாத குடியிருப்பாளனுக்கு அபராதம் விதிக்கும் அதே மூச்சில், திருட்டு, வன்முறை போன்ற தகுந்த காரணமின்றி வாடகை கொடுத்து வருபவனை வெளியேற்றும் வீட்டுக்காரனுக்கும் அபராதம் விதிக்கிறது. முன்னர்ச் சொன்ன மிஷ்னாவோ, மழைக்காலத்துக் குடியிருப்பவனைக் கூடாரப் பண்டிகையிலிருந்து பஸ்கா வரை எழுப்பலாகாது, கோடையில் 30 நாள் அவகாசம் வேண்டும், பெருநகரங்களில் எந்தப் பருவமானாலும் 12 மாதம் வேண்டும் என்கிறது. நம்மவர் ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறுவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள குடும்பம் பரீட்சைக்கு முன் மாற இயலாது. இவற்றை எண்ணிப் பார்த்து நாள் குறிப்பவன் சாஸ்திரம் படிக்காவிட்டாலும் சாஸ்திரத்தின் உள்ளத்தை அறிந்தவன்.

முன்பணத்தைப் பற்றி எழுதும்போது என் குற்றத்தையும் எழுதியாக வேண்டும். பதினான்கு ஆண்டுகளுக்கு முன், என் மாடியில் ஐந்து வருஷம் குடியிருந்து ஒரு மாதமும் வாடகை தவறாத ஒரு தம்பதியர் காலி செய்தபோது, வர்ணம் பூசுவதற்கென்று அவர்களுடைய அட்வான்ஸில் 12,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து வருஷத்தில் எந்தச் சுவரும் மங்கும்; அதற்குத்தானே ஐந்து வருஷமும் கூலி வாங்கினேன்? அந்தப் பெண்மணி ஒன்றும் பேசவில்லை. சமையலறை மேடையைக் கடைசி முறையாகத் துணியால் துடைத்துவிட்டு, சாவியை அதன்மேல் வைத்துவிட்டுப் போனார். அந்த மேடை பளிச்சென்று இருந்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது. சில ஆண்டுகள் கழித்து விலாசம் தேடிப் பணத்தை அனுப்பிவைத்தேன்; புது வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய முன்பணத்தில் அந்தத் தொகை குறைந்தபோது அவர்கள் எங்கே சென்று கடன்பட்டார்களோ, அதை எந்த மணியார்டர் ஈடுசெய்யும்? வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் கூடாதென்று இப்போது சட்டம் சொல்கிறது. வாங்கும் தொகை எதுவாயினும் அது நமக்கு வந்த வரவன்று. நம்மிடம் நம்பிவைத்த அடைக்கலப் பொருள். அதைத் தனிக் கணக்கில் வைத்து, சாவி வாங்கும் நாளிலேயே எண்ணிக் கொடுப்பதுதான் முறை.

இனி, அந்த நோட்டுப் புத்தகங்களுக்குத் திரும்புகிறேன். 1962-ஆம் ஆண்டில் எங்கள் பின்கட்டில் அச்சாபீஸில் எழுத்துக் கோக்கும் ஒருவர், மனைவியோடும் மூன்று குழந்தைகளோடும் குடியிருந்தார். எங்கள் ஜாதியைச் சேர்ந்தவரல்லர். மாத வாடகை 28 ரூபாய். ஒரு வாரக் காய்ச்சலில் அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலை வீட்டுக்குக் கொண்டுவருவதா, நேரே மயானத்துக்குக் கொண்டுபோவதா என்று அந்த அம்மாள் யாரைக் கேட்பதென்று தெரியாமல் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். வாடகை வீட்டில் சாவு விழுந்தால் வாசலுக்குள் உடலை விடாத வழக்கம் அன்றும் இருந்தது. இன்றும் இந்த நகரத்தில் இருக்கிறது. என் பெரியப்பா தகப்பனாரைத் தனியே அழைத்து, “கொல்லைச் சந்து வழியாக எடுத்துக்கொண்டு போகச் சொல்லடா. நம் நடை வழியாக வந்தால் தீட்டு உனக்கல்லவா?” என்றார். அந்தச் சந்து தோட்டி வரும் சந்து. தகப்பனார் சற்றுநேரம் பேசாமல் நின்றுவிட்டுச் சொன்னார்: “அண்ணா, மாசம் இருபத்தெட்டு ரூபாய் வாங்கிக்கொண்டு, இது உன் வீடு என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். இன்றைக்கு மட்டும் இது என் வீடு என்று எந்த வாயால் சொல்வேன்?” பிறகு தாமே போய் வாசற்கதவின் இரண்டு பலகைகளையும் திறந்து, அவை மூடிக்கொள்ளாதபடி அம்மிக் குழவியையும் ஒரு செங்கல்லையும் அண்டக்கொடுத்தார். அந்த மனிதர் எங்கள் நடை வழியாக வந்து, எங்கள் கூடத்தில் கிடந்து, எங்கள் வாசல் வழியாகவே போனார்.

அந்த மாதத்துப் பக்கத்தைப் பல முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். இடப்பக்கத்தில் முன்கட்டு வாடகை மட்டும் பதிந்திருக்கிறது. பின்கட்டு என்று எழுதி எதிரே ஒரு கோடு. வலப்பக்கத்தில் ‘பின்கட்டுக்கு வெள்ளையடித்தது’ என்று ஒரே வரி. அந்த அம்மாள் அப்பளம் இட்டு விற்று, மூன்றாம் மாதத்திலிருந்து வாடகையைத் தவறாமல் கொடுத்தார்; தகப்பனாரும் தவறாமல் வாங்கிக்கொண்டார்; அதன்பிறகு ஒன்பது ஆண்டுகள் அவர்கள் அங்கே இருந்தார்கள்.

இல்வாழ்வானை மற்றவர்க்கெல்லாம் துணை என்று வள்ளுவர் வைத்தார். அந்த இல்வாழ்வானுக்கு ஓர் இல்லம் வேண்டுமே. அதைக் கொடுத்துக் காப்பவன் துணைக்கும் துணையாகிறான். அதே வள்ளுவர் நிலையாமையைச் சொல்லி முடிக்கும் இடத்தில், உடம்பின் மூலையில் ஒண்டிக் கிடந்துவிட்டுப் போகும் உயிருக்கு நிலையான வீடொன்று இன்னும் அமையவில்லையோ என்று இரங்குகிறார். ஒண்டிக் குடித்தனத்தின் துயரை அறிந்த ஒருவரே அந்த உவமையைக் கண்டிருக்க முடியுமென்று எனக்குத் தோன்றும். பத்திரம் நம் பெயரில் இருக்கலாம். நமக்கும் ஒருநாள் காலி செய்யச் சொல்லி ஓலை வரும். அன்று நம்மை எந்த வாசல் வழியாக எடுத்துப் போவார்கள் என்பது நம் கையில் இல்லை. பிறருக்கு எந்த வாசலைத் திறந்துவிடுகிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

என் கணக்குகள் இத்தனை நாளும் கணினியில் ஒரே பத்தியாக இருந்து வந்தன, வரவு மட்டுமே. சென்ற மாதம் கடைக்குப் போய்க் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்து, வலப்பக்கத்தின் தலைப்பை முதலில் எழுதினேன். கீழ்வீட்டுக் குளியலறைக் கதவு மழையில் உப்பி, ஆறு மாதமாகச் சாத்த முடியாமல் இருந்தது. தச்சர் நாளைக் காலையில் வருகிறார்.